ஸ்ட்ரோலரின் காற்று டயர்: எவ்வளவு அடிப்பது, எதைக் கொண்டு அடிப்பது, எப்படிப் பேணுவது

“டயரின் பக்கவாட்டில் ‘அதிகபட்சம் 35 பிஎஸ்ஐ’ என்று இருக்கிறது, ஸ்ட்ரோலருடன் வந்த கையேடு 25 போதும் என்கிறது. எதைப் பின்பற்றுவது? பெட்ரோல் பங்கில் காருக்குக் காற்றடிக்கும்போதே இதற்கும் அடித்துக்கொள்ளலாமா? வண்டி புதிது, ஆனாலும் இரண்டு மூன்று வாரத்தில் டயர் தளர்ந்துவிடுகிறது; டியூபில் பழுதா?” குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிச்செல்லும் மூன்று சக்கர வண்டி, அதாவது ஸ்ட்ரோலர், வாங்கிய ஒரு தாயின் கேள்விகள் இவை. (பிஎஸ்ஐ என்பது டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு.) விடைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் உள்ள 25-ஐப் பின்பற்றுங்கள். பெட்ரோல் பங்க் வேண்டாம். அழுத்தமானி பொருத்திய கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தளர்வது பெரும்பாலும் பழுதன்று, சிறிய டயரின் இயல்பு. பங்க் வேண்டாம் என்பதற்கும் டயர் விரைவில் தளர்வதற்கும் காரணம் ஒன்றுதான்: அந்த டயருக்குள் இருக்கும் காற்று மிகவும் கொஞ்சம்.

உங்கள் வண்டியின் டயரில் பெரும்பாலும் 12½ × 2¼ என்றும், அதன் அருகே 62-203 என்றும் பொறித்திருக்கும். பெரிய சக்கரம் கொண்ட வண்டியானால் 16 × 1.75 என்றும் 47-305 என்றும் இருக்கும். இரண்டாவது எண் தொகுதியில் முதல் எண் டயரின் அகலம், அடுத்த எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்; இரண்டும் மில்லிமீட்டரில். புதிய டயரோ டியூபோ வாங்கும்போது அங்குலக் கணக்கை விட இந்த மில்லிமீட்டர் எண்தான் நம்பத்தகுந்தது. 12½ அங்குல டயரின் உட்புறக் கொள்ளளவைக் கணக்கிட்டால் ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டருக்குள் வரும். ஒரு சிறிய காரின் டயருக்குள் இருபத்தைந்து லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. ஆகவே கார் டயரில் அழுத்தம் அரை பிஎஸ்ஐ கூட ஏறாத நேரத்தில், அதே அளவு காற்று ஸ்ட்ரோலர் டயரில் ஏழெட்டு பிஎஸ்ஐ ஏற்றிவிடும். காற்று வெளியேறும்போதும் இதே விகிதம்தான். காரில் யாரும் கவனிக்காத கசிவு, இங்கே விரலால் அமுக்கினாலே தெரிந்துவிடுகிறது.

டயரில் அச்சிட்ட எண் அந்த டயர் தாங்கக்கூடிய எல்லை. அடிக்க வேண்டிய அளவு அன்று. டயரைச் செய்தவருக்கு அது எந்த வண்டியில், எந்த ரிம்மில், எவ்வளவு எடைக்குக் கீழே ஓடப்போகிறது என்பது தெரியாது. வண்டியைச் செய்தவருக்குத் தெரியும். அதனால் டயர், ரிம், கையேடு ஆகிய மூன்றில் எது குறைந்த எண்ணைச் சொல்கிறதோ அதுவே நம் எல்லை. கையேடு தொலைந்துபோயிருந்தால் உற்பத்தியாளரின் தளத்தில் மாடல் பெயரைக் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதுவரை 20 பிஎஸ்ஐ அளவில் ஓட்டலாம்.

“இவ்வளவு குறைவாக இருந்தால் வண்டி இழுக்காதா” என்ற ஐயம் பலருக்கு வருவதால் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வண்டி 12 கிலோ, குழந்தை 12 கிலோ, பையும் தண்ணீர்ப் பாட்டிலும் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் 27 கிலோ. மூன்று சக்கரங்களுக்குச் சராசரியாக ஆளுக்கு 9 கிலோ. 25 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.76 கிலோ அழுத்தம். எனவே 9 கிலோவைத் தாங்க டயரின் ஐந்து சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பட்டாலே போதும். ஒரு தீப்பெட்டியின் முகத்தை விடக் குறைந்த பரப்பு அது. ஒரு சக்கரத்தில் 250 கிலோவைச் சுமக்கும் கார் 30-க்குச் சற்று மேலான அழுத்தத்தில் ஓடுகிறது என்றால், 9 கிலோ சுமக்கும் சக்கரத்துக்கு 35 எதற்கு? அழுத்தம் கூடக்கூட டயர் கல்போல் இறுகி, நடைபாதைக் கல்லின் ஒவ்வொரு விளிம்பையும் குழந்தையின் முதுகுக்கு அனுப்பும். காற்று டயருக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பயனே அங்கே போய்விடுகிறது.

அதிக அழுத்தத்தின் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் டயரில் அன்று, ரிம்மில். இந்த வகைச் சக்கரங்களில் பலவற்றின் ரிம் வார்ப்பு பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே இருக்கும் காற்று டயரின் இரு ஓரங்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த ஓரங்களைப் பிடித்து நிறுத்துவது சில மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் விளிம்பு மட்டுமே. எல்லையைத் தாண்டும்போது இரண்டில் ஒன்று நடக்கும். டயரின் ஓரம் ஓரிடத்தில் விளிம்பின் மேல் ஏறும், அங்கே டியூப் கொப்புளம்போல் பிதுங்கும், ஒரு கணத்தில் வெடிக்கும். அல்லது பிளாஸ்டிக் விளிம்பே பிளந்து துண்டு தெறிக்கும். அடைபட்டிருக்கும் காற்று கொஞ்சம்தான் என்றாலும், காற்றடிப்பவர் குனிந்து முகத்தைப் பக்கத்தில் வைத்திருப்பதும், சக்கரத்தின் உயரத்திலேயே குழந்தை நின்று வேடிக்கை பார்ப்பதும் வழக்கம் என்பதால், கண்ணுக்கும் காதுக்கும் அது போதுமான ஆபத்து.

குறைந்த அழுத்தத்தில் வெடிப்பு இல்லை, ஆனால் சேதம் மெதுவாக நடக்கிறது. பத்து பிஎஸ்ஐக்குக் கீழே போன டயர், நடைபாதை விளிம்பில் மோதும்போது முழுவதும் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபடுகிறது. அப்படிக் கிழிந்த டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள் இருக்கும். முள் குத்தினால் ஒரு துளைதான் இருக்கும் என்பதால், இரட்டைக் கீறலைப் பார்த்த உடனே காரணம் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடலாம். தளர்ந்த டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகர்வதும் உண்டு. டயரோடு டியூப் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இறுதியில் வால்வின் அடிப்பாகம் அறுந்துபோகும். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது. வால்வு நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்து தெரிந்தால், காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கையால் திருப்பி வால்வை நேராக்கிய பிறகே மீண்டும் அடிக்க வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தில் கோளாறு என்று நினைத்துப் பலர் அதைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

இனி பெட்ரோல் பங்க். அங்கே உள்ள கம்ப்ரசரின் தொட்டியில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் காற்று நிரம்பியிருக்கும். கார், லாரி டயர்களை விரைவாக நிரப்புவதற்காகவே அந்தக் குழாயும் முனையும் அமைந்திருக்கின்றன. இரண்டு லிட்டர் கூட இல்லாத டயரில் அந்த முனையை வைத்தால் சில நொடிகளில் எல்லை தாண்டிவிடும். மீட்டரின் முள் நகர்வதைப் பார்த்துக் கையை எடுப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். அழுத்தத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் டிஜிட்டல் இயந்திரங்களும் பெரிய டயரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவையே. அவை ஒரு தவணை காற்றைச் செலுத்தி, நிறுத்தி, அளந்து, மீண்டும் செலுத்துகின்றன, அந்த ஒரு தவணையே நம் டயருக்கு மிகையாகலாம். பஞ்சர் கடையிலும் இதே நிலைமைதான். அங்கே அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு, “அண்ணே, இருபது இருபத்தைந்துதான், விட்டு விட்டு அடிங்க, மீட்டர் வச்சுப் பார்த்துக்கலாம்” என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சரி என்று சொல்வது சைக்கிள் டயரில் பழகிய கை. பிளாஸ்டிக் ரிம்முக்கு அந்தக் கணிப்பு பொருந்தாது.

சைக்கிள் ஓட்டுபவர்கள் அவசரத்துக்கு வைத்திருக்கும் சிறிய கார்பன் டைஆக்சைடு குப்பியை ஸ்ட்ரோலரில் பயன்படுத்துவது இன்னும் ஆபத்தானது. 16 கிராம் குப்பியில் உள்ள வாயு, சாதாரண அழுத்தத்தில் எட்டு லிட்டருக்கு மேல் விரியும். அதை இரண்டு லிட்டர் இடத்துக்குள் அடைத்தால் அழுத்தம் 60 பிஎஸ்ஐயைத் தாண்டும், எல்லை 35 என்னும்போது. தவிர, அந்த வாயு டியூப் ரப்பரின் வழியே காற்றை விடப் பலமடங்கு வேகமாகக் கசிந்துவிடும் என்பதால், அதனால் நிலைத்த பயனும் இல்லை.

சரியான கருவி, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரு கையாலும் அழுத்தும் சைக்கிள் பம்பு. அதில் பத்துப் பதினைந்து அழுத்தலில் காலியான டயர் நிரம்பிவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அழுத்தம் சில பிஎஸ்ஐதான் ஏறும் என்பதால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பம்பில் உள்ள மீட்டரைக் கவனித்து வாங்குங்கள். பந்தய சைக்கிளுக்கான பம்பில் மீட்டர் 160 பிஎஸ்ஐ வரை போகும். அதன் தொடக்கப் பகுதியில் 20-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு முள்ளின் ஒரு சிறு அசைவுதான், அந்தப் பகுதியில் அது துல்லியமாகவும் காட்டாது. 60 வரை காட்டும் தனி அழுத்தமானி ஒன்று விலை அதிகமில்லை, அதுதான் நமக்கு உதவும். கார் சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய மின்பம்பு மெதுவாக அடிப்பது என்பதால், குறித்த அளவில் தானே நிற்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். முதல் முறை மட்டும் தானியங்கி நிறுத்தத்தை நம்பிவிடாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

அந்த மின்பம்புகளில் இன்னொரு தவறுக்கும் இடமுண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் அலகு பிஎஸ்ஐயிலிருந்து பாருக்கோ கிலோபாஸ்கலுக்கோ மாறிவிடும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கல். 25 பிஎஸ்ஐ என்பது 1.7 பார், 172 கிலோபாஸ்கல். ஐரோப்பிய வண்டியின் கையேட்டில் 1.8 என்று பார்த்தால் அது பார் என்று புரிந்துகொள்ளுங்கள். திரையில் 2.5 என்று வைத்துவிட்டு 25 என்று எண்ணிக்கொண்டால் டயரில் 36 பிஎஸ்ஐ ஏறிவிடும்.

வால்வு விஷயத்தில் ஸ்ட்ரோலர்கள் பெரும்பாலும் கார், மோட்டார் சைக்கிள் டயர்களில் உள்ள அதே ஷ்ரேடர் வால்வையே கொண்டிருக்கின்றன. நடுவில் ஓர் ஊசி இருக்கும், அதை அமுக்கினால் காற்று வெளியேறும். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் இருப்பது டன்லப் வால்வு. அதற்கான பம்பு முனை இதில் பொருந்தாது. சின்னச் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே பம்பின் தலை நுழைய இடம் இருக்காது என்பதால், வால்வின் தண்டை வளைத்துச் செய்திருப்பார்கள். வளையாத வால்வானால், திருகிப் பொருத்தும் வளைந்த நீட்டிப்பு ஒன்றைச் சைக்கிள் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நெம்புகோல் வைத்த பம்புத் தலையை மாட்டும்போதும் கழற்றும்போதும் மற்றொரு கையால் வால்வின் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடிக்காமல் வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தால் போகும் டியூப்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடிக்கும் முறை இது. முதலில் குழந்தையை வண்டியிலிருந்து இறக்கி, எட்ட இருக்கும்படி ஒருவரிடம் கொடுங்கள். பிரேக் போட்டு, வால்வு கீழ்ப்பக்கமாகவோ பக்கவாட்டிலோ கைக்கு எட்டும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வாயில் போடும் அளவுப் பொருள் அது. பம்பு பொருத்துவதற்கு முன் இருக்கும் அழுத்தத்தை அளந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதை அதைக் கொண்டுதான் பின்னால் அறிய முடியும். டயர் முற்றிலும் காலியாகியிருந்தால் ஏழெட்டு பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். இப்போது டயரின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: ரிம்மின் விளிம்பை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். சுற்றிலும் அந்தக் கோடு ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடு மறைந்தால் டயர் அங்கே உள்ளே தாழ்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மிகுதியாக விலகினால் அங்கே மேலேறியிருக்கிறது. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, இரு கட்டைவிரலாலும் பிசைந்து சரிசெய்து மீண்டும் அடியுங்கள். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு, சக்கரத்தின் நேர் பக்கவாட்டில் முகம் இல்லாதபடி நின்றுகொண்டு மீதிக் காற்றை ஏற்றி, தனி அழுத்தமானியால் சரிபார்த்து மூடியை மாட்டுங்கள். அழுத்தமானியை ஒவ்வொரு முறை வைத்து எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும் என்பதால், திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

காற்று ஏன் தானாகக் குறைகிறது என்பதற்கு வருவோம். டியூப் எந்த ரப்பரால் செய்யப்பட்டாலும் காற்றின் மூலக்கூறுகள் அதன் சுவர் வழியே மெல்ல ஊடுருவி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். பியூட்டைல் ரப்பரில் இது மிக மெதுவாகவும் இயற்கை ரப்பரில் விரைவாகவும் நடக்கிறது. சிறிய டியூபில் காற்று குறைவு, அதற்கேற்பச் சுவரின் பரப்பு அதிகம். எனவே இழப்பின் விகிதமும் அதிகம். இரண்டு மூன்று வாரத்தில் சில பிஎஸ்ஐ இறங்குவதை இயல்பு என்று எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாருங்கள். ஓரிரு நாளிலேயே தளர்ந்தால் மட்டும் பழுதைத் தேட வேண்டும். முதலில் வால்வில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி எழுந்து வளர்ந்தால், உள்ளே இருக்கும் ஊசியை அதற்கான சிறு சாவியால் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஊசியை மட்டும் மாற்றலாம், டியூபை மாற்றத் தேவையில்லை. மூடியைப் போடாமல் ஓட்டினால் மணல் போய் இந்த ஊசிதான் முதலில் கெடும்.

வெயிலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் 25 பிஎஸ்ஐ அடித்த டயரை, வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வைத்து அது 65 டிகிரிக்குச் சூடேறினால், அழுத்தம் 29, 30-ஐத் தொடும். 35 அடித்திருந்தால் 40-ஐத் தாண்டி டயரின் எல்லையையே மீறிவிடும். கையேட்டின் குறைந்த எண்ணைப் பின்பற்றச் சொல்வதற்கு இதுவும் வலுவான காரணம். காற்றடிப்பதும் நிழலில், டயர் ஆறிய பிறகுதான். டொராண்டோ போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும்: வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 அடித்தது, வெளியே மைனஸ் 15-இல் 20-க்கு இறங்கும். அது பஞ்சர் அன்று. அப்படியே ஓட்டலாம், அல்லது இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம்.

விமானத்தில் கொண்டுபோகும்போது டயர் வெடித்துவிடும் என்று அஞ்சி முழுவதும் காலிசெய்பவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. பயண உயரத்தில் அது தரையை விட ஏறத்தாழ நான்கு பிஎஸ்ஐ குறைவாக இருக்கும், டயர் தன் கணக்குக்கு அவ்வளவுதான் கூடுதலாக உணரும். பதினைந்துக்கு இறக்கிவிட்டால் தாராளமாகப் போதும். விமான நிறுவனம் முழுவதும் இறக்கச் சொன்னால் இறக்கித்தான் ஆக வேண்டும்; அப்போது காலி டயரில் குழந்தையை வைத்துத் தள்ளாமல் இருக்கக் கைப்பம்பைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஆனால் டியூபைக் கழற்றுவது கடினமான வேலையன்று. 12½ அங்குல டயரைக் காற்றை முழுவதும் இறக்கியபின் கையாலேயே பெரும்பாலும் கழற்றிவிடலாம். கழலாவிட்டால் பிளாஸ்டிக் லீவர் பயன்படுத்துங்கள்; ஸ்குரூடிரைவர் டியூபையும் கிழிக்கும், ரிம்மின் விளிம்பையும் காயப்படுத்தும், அந்தக் காயத்திலிருந்துதான் பின்னால் ரிம் பிளக்கத் தொடங்கும். டியூபை ஒட்டுவதற்கு முன் துளைக்குக் காரணமானதைக் கண்டுபிடிப்பது முக்கியம். டியூபை டயரின் மேல் அது இருந்த நிலையிலேயே வைத்து, துளைக்கு நேரான இடத்தில் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ இருந்தால் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம். தமிழ்நாட்டில் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் இதற்குக் காரணம். அந்த நெருஞ்சியே அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் பரவி அங்கே சைக்கிள்காரர்களுக்குத் தீராத தொல்லையாக இருக்கிறது. துளை டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருந்தால் குற்றவாளி ரிம்தான்: பிளாஸ்டிக் வார்ப்பின் பிசிறோ, ரிம்மின் மேல் டியூபைக் காக்க ஒட்டியிருக்கும் ரிம் டேப் நகர்ந்துபோனதோ. பிசிறை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடாமல் புது டியூப் போட்டால் அதுவும் சில நாளில் போகும்.

ஒட்டும் முறை சைக்கிளுக்கு உள்ளதேதான்: உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது தொட்டால் ஒட்டாத அளவு உலரும்வரை பொறுத்து, பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் ஈரத்திலேயே வைத்த ஒட்டுகள்தான் கழன்றுவருகின்றன. மாட்டும்போது டியூபில் வட்டம் தெரியும் அளவு மட்டும் காற்றூதி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி உள்ளே வையுங்கள்; அப்போது டியூப் மடியாது, டயரில் ஒட்டிக்கொள்ளாது. டயரின் கடைசிப் பகுதியை ரிம்முக்குள் தள்ளிய பிறகு, வால்வை ஒருமுறை உள்நோக்கி அழுத்தி வெளியே இழுங்கள். வால்வின் அடியில் டயர் ஓரம் மாட்டியிருந்தால் அது விடுபடும்.

சக்கரத்தை வண்டியில் திரும்பப் பொருத்துவதுதான் இந்த வேலையிலேயே அதிகக் கவனம் கேட்பது. ஆனால் டயர் சரியானதும் வேலை முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. பெற்றோர் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கான ஸ்ட்ரோலர் என்ற வகையே சைக்கிளிலிருந்து வந்தது: 1980-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமாவைச் சேர்ந்த ஃபில் பேச்லர் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி அதை உருவாக்கினார். கருவி எதுவும் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றி மாட்ட உதவும் சைக்கிளின் குயிக் ரிலீஸ் நெம்புகோலும் பல வண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. அது சரியாக இறுகாவிட்டால் முன்சக்கரம் ஓட்டத்தில் கழன்றுவிடும். 2016-இல் பசிபிக் சைக்கிள் நிறுவனம் இந்தக் காரணத்தால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோலர்களைத் திரும்பப் பெற்றது. 2018-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பாப் ஸ்ட்ரோலர்களின் முன்சக்கரம் பற்றி பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, அது அந்த ஆண்டே உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே நெம்புகோலை மூடும்போது பாதி வழியிலிருந்தே எதிர்ப்பு தெரிய வேண்டும், மூடி முடித்தபின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். முன்பகுதியைத் தூக்கிச் சக்கரத்தைத் தட்டிப் பாருங்கள், பின்சக்கரங்களை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், பிரேக்கைப் போட்டுக் காலி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிறகுதான் குழந்தை.

துளையைத் தானே அடைக்கும் பச்சைத் திரவம் பற்றியும் பலர் கேட்பதுண்டு. முள் மிகுந்த ஊரில் அது பயன்படும். டயரின் தரை படும் பகுதியில் உள்ள சிறு துளைகளை அடைக்கும். வால்வின் அடியில் கிழிந்ததையும் இரட்டைக் கீறலையும் அடைக்காது, காலப்போக்கில் உலர்ந்தும் போகும். அதை ஊற்றிய டயரில் காற்றடிக்கும்போதும் அளக்கும்போதும் வால்வு மேல்பக்கம் இருக்கட்டும், கீழே இருந்தால் திரவம் வால்வில் ஏறி அடைத்துக்கொள்ளும். தெருவைத் தாண்டிப் போகாத வண்டிக்குக் காற்று தேவையில்லாத திண்ம டயரே போதும் என்பதும் என் கருத்து. மண் பாதையிலும் உடைந்த நடைபாதையிலும் நடப்பவர்களுக்குத்தான் காற்று டயரின் சுகம் இந்தப் பராமரிப்புக்கு ஈடாகிறது.

சில மாதம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டயரை முழுவதும் காலிசெய்து வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ விட்டு, சக்கரம் தரையில் பாரத்தோடு அழுந்தாதபடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துடைக்கத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் மட்டும் போதும். பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ தடவினால் ரப்பர் ஊறி உப்பி வலுவிழக்கும். மீண்டும் எடுக்கும்போது டயரைப் பக்கவாட்டில் மடித்துப் பாருங்கள்: மேற்பரப்பில் முடிபோல் மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், வெடிப்புக்குள் நூலிழை தெரிந்தால் அந்த டயரை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் ரிம்மில் விளிம்பை ஒட்டி வெண்மையான கோடு விழுந்திருந்தால் அது விரிசலின் தொடக்கம். அந்தச் சக்கரத்தில் காற்றடிக்கவே கூடாது, முழுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.